செல்வி கட்டி முடித்த கடன்

ஆரோக்கியசெல்விக்குப் பயமென்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் அந்தத் தெருவில் பேச்சு. திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெரு அது. அங்கே பதினைந்து பெண்கள் சேர்ந்த கடன் குழுவுக்கு அவள்தான் லீடர். செவ்வாய்க்கிழமை காலையில் வசூலுக்கு வரும் சார் பைக்கை நிறுத்துவதற்குள் எல்லோரையும் பாயில் வரிசையாக உட்கார வைத்துவிடுவாள். குழுக் கடனின் சட்டம் அப்படி. ஒருத்தி தவணை கட்டவில்லையென்றால் மற்றவர்கள் சேர்ந்து கட்டவேண்டும். மொத்தப் பணமும் வரும்வரை சார் எழுந்திருக்க மாட்டார், யாரும் வேலைக்குக் கிளம்ப முடியாது. வராதவளின் வீட்டுக்கு ஆள் போகும். ஆள் என்ன ஆள், செல்வியே போவாள்.

எதிர் வீட்டுப் பாஞ்சாலி ஒருமுறை மூன்று வாரம் தொடர்ந்து கட்டாமல் கதவைச் சாத்திக்கொண்டபோது, செல்விதான் குழுவையே கூட்டிக்கொண்டு போய் அவள் வாசலில் உட்கார்ந்தாள். காலையில் உட்கார்ந்தவர்கள் சாயங்காலம்தான் எழுந்தார்கள். அதற்குள் பாஞ்சாலி கொல்லைப்பக்கம் கட்டியிருந்த கன்றுக்குட்டியை ஆள் அனுப்பி விற்றுப் பணத்தைக் கதவிடுக்கு வழியாக நீட்டினாள். செல்வி எண்ணி வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகும் பாஞ்சாலி குழுவில்தான் இருந்தாள், ஆனால் செல்வியிடம் கேட்டதற்குப் பதில் என்பதோடு பேச்சு நின்றுபோனது.

அப்படிப்பட்ட செல்வி இப்போது போன் அதிர்ந்தால் நடுங்கினாள். விழுப்புரம் நேருஜி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் அவளுக்கு வேலை. வந்தவர்களுக்குப் புடவையை விரித்துக் காட்டும்போது இடுப்பில் போன் அதிரும். முந்தானையின் சரிகையைக் காட்டவேண்டிய கை பாதியிலேயே நிற்கும். “இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?” என்று வாடிக்கையாளர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் மாடிப்படிக்குக் கீழே போய் நின்று மெசேஜைப் பார்ப்பாள். ‘இன்று மாலைக்குள் கட்டவில்லையென்றால்’ என்று ஆரம்பிக்கும். அதற்குமேல் அவள் படித்ததில்லை.

எல்லாம் ஒரு கிரெடிட் கார்டால் வந்த வினை. சம்பளக் கணக்கு இருக்கும் பேங்கிலிருந்து ஒரு தீபாவளி சமயத்தில் ஆள் வந்து கடையில் எல்லோருக்கும் கார்டு எழுதிக்கொண்டு போனான். பேங்க்காரர்கள் கார்டு கொடுக்கும்போது சிரித்துக்கொண்டேதான் கொடுப்பார்கள், அந்தச் சிரிப்புக்கு வட்டி கிடையாது. ‘பக்கத்தில் இருக்கிற யாராவது ஒருத்தர் நம்பர் சொல்லுங்க’ என்று கேட்டபோது செல்வி யோசிக்காமல் பாஞ்சாலியின் நம்பரைச் சொன்னாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த வெளி நம்பர் அது ஒன்றுதான். தவணை கேட்டுக் கேட்டு அடித்த நம்பர் அல்லவா.

கார்டு வந்ததும் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். புயல் அடித்த கார்த்திகையில்தான் அதை வெளியே எடுத்தாள். அந்த மழையில், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலைக் காடெல்லாம் குளமாகிவிட்டது. களை பறிக்கவும் வயல் வேலைக்கும் போகிற பெண்களுக்கு வாரக்கணக்கில் கூலி இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை வந்தது, சாரும் வந்தார். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முனியம்மாள் அழவே ஆரம்பித்துவிட்டாள். செல்வி எழுந்துபோய் ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணத்தை எடுத்துவந்து எல்லோருக்கும் சேர்த்துக் கட்டினாள். அடுத்த வாரமும் கட்டினாள். அதற்கடுத்த வாரமும். “எங்கருந்து யக்கா இவ்ளோ பணம்?” என்று முனியம்மாள் கேட்டதற்கு, “சேத்து வச்சிருந்தேன்டி” என்றாள். கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு அவளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மொத்தம் முப்பதாயிரம் ஆனது. வெயில் அடித்து வேலை திரும்பியதும் பெண்கள் திருப்பிக் கொடுத்தார்கள்தான். ஆனால் இருநூறும் முந்நூறுமாக, சிலசமயம் அரிசியாக, ஒருமுறை கோழியாக வந்தது. வந்த பணமெல்லாம் கடலூரில் நர்சிங் படிக்கும் மகளின் ஹாஸ்டல் செலவில் கரைந்தது. புருஷன் சேரன் பெங்களூருவில் டைல்ஸ் ஒட்டும் வேலையில் இருந்தான். அவனிடம் அவள் சொல்லவில்லை.

அதற்காக அவள் பேங்க்கை ஏமாற்றிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாதாமாதம் மெசேஜ் வரும். அதில் இரண்டு தொகை இருக்கும். கீழே இருந்த சின்னத் தொகை ஆயிரத்து ஐந்நூறு சொச்சம். அதுதான் தவணை என்று அவள் புரிந்துகொண்டாள். ஒரு நாள் தவறாமல் கட்டினாள். மேலே இருந்த பெரிய தொகை கிட்டத்தட்ட அப்படியே நிற்பதைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. குழுக் கடன் அட்டையிலும் மேலே மொத்தக் கடன் தொகையைப் போட்டிருப்பார்கள், கடைசி வாரம்வரை அது மாறவே மாறாது. ஐம்பது வாரம் கட்டினால் கடன் முடிந்தது. வாழ்நாளில் அவள் வாங்கிய எல்லாக் கடனும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. ஆகவே கார்டுக்கும் ஒரு வருஷம் கட்டினாள். கட்டி முடித்த நாளில் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கார்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டாள். அடுத்த மாதம் மெசேஜ் வந்தபோது, “இன்னும் கணக்கை எடுக்கல போல” என்று சிரித்துக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் கார்டு வசூல் ஆட்களிடமிருந்து போன் வந்தது. நான்காவது மாதம் போன் செய்தவன் மரியாதையை விட்டுவிட்டான்.

“முப்பத்தேழாயிரம். எப்ப கட்டப்போற?”

“நான் கட்டி முடிச்சிட்டேனே சார்.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “ஃபார்ம்ல நீ குடுத்த நம்பரு எங்ககிட்ட இருக்குது. அவங்ககிட்டயே கேட்டுக்கறோம்.”

அது பாஞ்சாலியின் நம்பர். பாஞ்சாலியிடம் கேட்பார்களா? அவள் கட்டவில்லையென்றால் குழுவில் எல்லோரிடமும் கேட்பார்களா? தன் கடனுக்காக முனியம்மாள் கோழியை விற்கவேண்டி வருமா? செல்விக்குத் தெரிந்த ஒரே சட்டம் குழுச் சட்டம்தான். ஒருத்தி கட்டவில்லையென்றால் எல்லோரும் கட்டவேண்டும், கட்டாதவளின் வாசலில் வந்து உட்காருவார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கும்போதெல்லாம் அந்தக் காட்சிதான் கண்முன் வந்தது. பதினாலு பெண்கள் தன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பாஞ்சாலி. தான் உள்ளே. பணம் போனால் போகட்டும், அந்த ஒரு நாள் மட்டும் வரக்கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டே தினமும் வேலைக்குப் போய்வந்தாள்.

கடைசியில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேங்க்குக்கே போய்விட்டாள். அங்கே கார்டு விஷயம் பார்க்கும் அறிவுச்செல்வன் பொறுமையான ஆள். அவள் கணக்கை எடுத்துத் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“நீங்க மாசாமாசம் கட்டுனது கொறஞ்சபட்சத் தொகைம்மா. இவ்வளவாவது கட்டுனா அபராதம் போட மாட்டோம்னு அர்த்தம். அதக் கட்டுனா கடன் தீராது. மிச்சத்துக்கு வட்டி ஓடிக்கினேதான் இருக்கும். அதுவும் நீங்க ஏடிஎம்ல பணமா எடுத்திருக்கீங்க. பொருள் வாங்குனாலாவது கொஞ்ச நாள் வட்டி இல்லாம விடுவாங்க, பணமா எடுத்தா அன்னிக்கே வட்டி ஆரம்பிச்சிடும்.”

“ஒரு வருஷம் கட்டுனேனே சார். பதினெட்டாயிரம் கட்டியிருக்கேன்.”

“அதுல அசல்ல கழிஞ்சது ரெண்டாயிரம்தான்ம்மா. மத்ததெல்லாம் வட்டியும் வட்டிக்கு வரியும். அப்புறம் நாலு மாசம் கட்டாம வுட்டதுல வட்டியும் அபராதமும் ஏறிப்போச்சு.”

அந்தப் பதினெட்டாயிரத்துக்குச் செல்வி எத்தனை நாள் நின்று எத்தனை புடவை மடித்திருப்பாள் என்று யோசித்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. பிறகு, கேட்க வந்ததைக் கேட்டாள். “நான் கட்டலன்னா எங்க குழுவுல இருக்கறவங்கள கேப்பீங்களா?”

“யாரையும் கேக்கக்கூடாதும்மா. இது குழு லோன் இல்ல. நீங்க நம்பர் குடுத்தீங்கன்றதுக்காக அவங்களுக்கு ஒரு பொறுப்பும் கெடையாது. வசூல் ஆளுங்க அவங்களுக்குப் போன் பண்றதே தப்பு. உங்களுக்கும் காலைல எட்டுக்கு முன்னாடியோ சாயங்காலம் ஏழுக்கு மேலயோ பண்ணக்கூடாது. பண்ணா எழுதிக் குடுங்க. இந்தக் கடனுக்கு நீங்க மட்டும்தான்.”

நிம்மதி வரவேண்டிய இடம் அது. ஆனால் அந்த ‘நீங்க மட்டும்தான்’ அவளைத் தூக்கிப்போட்டது. இந்தக் கார்டு வரும்வரை இருபது வருஷமாக எந்தக் கடனுக்கும் அவள் தனியாகக் கையெழுத்துப் போட்டதில்லை. அறிவுச்செல்வன் சொல்லச் சொல்ல, பாக்கியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தரும்படி எழுதிக்கொடுத்தாள். “இது நெஜமாவே தீர்ற தவணையா சார்?” என்று இரண்டுமுறை கேட்டாள். தீரும் என்றார். மேலிடத்தில் அனுமதி வரக் கொஞ்ச நாளாகும், அதுவரை வசூல் ஆட்களுக்குத் தகவல் போகாமல் இருக்கலாம், யார் வந்தாலும் இதைக் காட்டுங்கள் என்று முத்திரை போட்ட நகலைக் கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது, பாஞ்சாலி தன் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே செல்வியைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவேயில்லை. செல்விக்குப் புரிந்துவிட்டது. கூடாது என்ற சட்டம் பேங்க்கில் இருக்கிறது, போன் பாஞ்சாலியின் கையில் இருக்கிறது. வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். சற்று நேரத்தில் அவள் போனும் அதிர்ந்தது. “நாளைக்குக் காலைல ஆளு வருது. தெருவே பாக்கட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டான். காகிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள், கேட்க அங்கே ஆள் இல்லை.

விடிந்ததும் வாசலில் பாய் உதறும் சத்தம் கேட்டது.

செல்வி அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அடுத்து வளையல் சத்தம் வரும், வந்தது. யாரோ இருமினார்கள், முனியம்மாள்தான். ‘தள்ளி ஒக்காருடி’ என்று ஒரு குரல். தண்ணீர்ச் சொம்பைத் தரையில் வைக்கும் சத்தம். நாள் முழுக்க உட்காரப் போகிறவர்கள்தான் தண்ணீரோடு வருவார்கள். பாஞ்சாலியின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்த அன்று சொம்பு கொண்டுபோனதே செல்விதான். விற்பதற்குக் கன்றுக்குட்டிகூட இல்லையே என்று நினைத்தாள். காதில் கிடந்த கம்மலைத் தொட்டுப் பார்த்தாள். கதவைத் திறந்து காலில் விழுந்துவிடலாமா என்று தோன்றியது, தாழ்ப்பாள்வரை போன கை திரும்பிவந்தது. அவமானம் என்று சொல்கிறோமே, அது உடம்பில் காய்ச்சல் மாதிரி ஏறும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பைக் வந்து நின்றது.

“ஆரோக்கியசெல்வி வீடு இதானே? நீங்கள்லாம் யாரு? ஏன் வழியில ஒக்காந்துகினு இருக்கீங்க?” ஓர் ஆண் குரல்.

“நாங்க குழு” என்றது பாஞ்சாலியின் குரல். “நேத்து எனக்குப் போன் பண்ணி, காலைல ஆளு வருதுன்னு சொன்னது நீதானா? நான் இன்னா கையெழுத்துப் போட்டேனா? எனக்கு எதுக்குப் பண்ண?”

“அது வந்தும்மா... அவங்க நம்பர் குடுத்ததால...”

“குடுத்தா? அவ பொம்பள, தனியா இருக்கா. பேசணும்னா நின்னு மெதுவா பேசு. சத்தம் போட்டா நாங்க எழுந்திரிக்க மாட்டோம். எங்களுக்கு நாள் முச்சூடும் ஒக்காந்து பழக்கம்.”

செல்வி கதவைத் திறந்தாள். முதலில் அவள் பார்த்தது முதுகுகளை. பதினாலு பேரும் அவள் வீட்டுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிக் கீழே, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு சின்ன வயசு ஆள் நின்றிருந்தான். பாவம், அவனும் பயந்துதான் போயிருந்தான்.

செல்வி முத்திரை போட்ட காகிதத்தை நீட்டினாள். “தவணையா மாத்தித் தரச்சொல்லி பேங்க்ல எழுதிக் குடுத்திருக்கேன். சீல் இருக்குது பாருங்க. இது என் கடன், நான் கட்டுவேன். இவங்க யாருக்கும் போன் பண்ணக்கூடாது. பண்ணா எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க.” குரல் உடைந்து உடைந்துதான் வந்தது, ஆனால் முழுதும் வந்தது. அவன் காகிதத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, “ஆபீஸ்ல கேட்டுக்கறேன்ம்மா” என்று சொல்லிவிட்டுப் பைக்கைத் திருப்பினான்.

வண்டிச் சத்தம் மறைந்த பிறகும் யாரும் எழவில்லை. முனியம்மாள்தான் திரும்பிப் பார்த்தாள். “யக்கா, புயல் மழைல எங்களுக்குக் கட்டுனது இந்தப் பணமா? சேத்து வச்சதுன்னு சொன்னியே.” செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். பணத்துக்குப் பதில் கோழி கொடுத்த இன்னொருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“பாஞ்சாலிக்கா, அவன் போயிட்டான்” என்றாள் செல்வி.

“தெரியுது.” பாஞ்சாலி திரும்பவில்லை. “உன்மேல ஆசப்பட்டு வந்தேன்னு நெனைக்காத. அன்னிக்கி நீங்க என் வாசல்ல ஒக்காந்திருந்தப்ப, கதவிடுக்குல பாத்துக்கினே இருந்தேன். இத்தினி பேர்ல ஒருத்தியாவது அந்தப் பக்கமா திரும்பி ஒக்கார மாட்டாளான்னு.”

மன்னிப்பு என்ற சொல் செல்விக்கு வாய்வரை வந்தது, அந்தக் கன்றுக்குட்டிக்கு முன்னால் அது நிற்காது என்று அவளுக்கே தெரிந்தது. விழுப்புரம் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் படியிறங்கி வந்து பாஞ்சாலியின் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். பாஞ்சாலி கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள்.