வில்மா பூசிய வெள்ளை

கொரின் வாஸ்கோவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஓஹியோ மாநிலத்தின் பார்மா ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள், இப்போது நொடித்துப்போன வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு விற்கிறாள். சாப்பாடு முக்கால்வாசி காரிலேயே முடிந்துவிடும். எந்த வீட்டுக்குப் போனாலும் வரவேற்பறையில் நிற்காமல் நேரே நிலவறைக்கு இறங்கி மோந்து பார்ப்பாள். ஓஹியோ மழைக்கு எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பது அங்கேதான் தெரியும்.

வில்மா ஹ்ருஸ்காவின் வீட்டு நிலவறையில் ஒரு சுவர் உள்ளே பிதுங்கியிருந்தது. அடியில் கன்னங்கரேலென்று பூஞ்சணம். கொரினுக்கு உள்ளூரச் சந்தோஷம். பாவம்தான், ஆனாலும் சந்தோஷம்.

வில்மாவின் கணவர் ஸ்டான் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். வீட்டின் மேல் வாங்கிய கடன் இன்றைய விலையைப் போல் இரண்டு பங்கு. கொரின் கேட்கும் குறைந்த விலைக்கு விற்கவிட்டு மீதிக் கடனை வங்கி தள்ளுபடி செய்தால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் ஏலம், அதன் பிறகும் மீதிக் கடன் துரத்தும். வங்கி இறங்கிவர வேண்டுமென்றால், அது அனுப்பும் மதிப்பீட்டாளர் இந்த வீடு தேறாது என்று எழுத வேண்டும்.

கொரின் படித்துப் படித்துச் சொன்னாள். "வில்மா, அந்த ஆள் வர்ற வரைக்கும் ஒரு துரும்பைக்கூட நகத்தாதீங்க. இப்படியே கெடக்கட்டும்."

"சரி கண்ணு."

மதிப்பீட்டாளர் வரும் காலையில் கொரின் முன்னதாகவே போய் இறங்கினாள். புல் வெட்டியிருந்தது. ஜன்னல் திரைகள் துவைத்துத் தொங்கின. உள்ளே ஆப்பிளும் பட்டையும் போட்டுச் சுட்ட கேக்கின் வாசனை. நிலவறைக்கு ஓடினாள். சுவர் முழுக்கப் புது வெள்ளை. பிதுங்கிய இடத்தை மறைத்து ஓர் அலமாரி, நிறைய ஊறுகாய் ஜாடிகள்.

"குடியைக் கெடுத்தீங்களே வில்மா."

"வீடு பாக்க ஆள் வருதுன்னா எப்படிக் கண்ணு அழுக்கா விடறது? ஞாயித்துக்கெழம பூரா ஸ்டானும் நானும் குனிஞ்சு குனிஞ்சு அடிச்சோம்."

கோபித்துக்கொள்ளவும் நேரமில்லை. மதிப்பீட்டாளர் டெரெக் வந்துவிட்டான். கேக் தின்றான், படம் எடுத்தான், நிலவறையைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினான்.

"அருமையா வச்சிருக்கீங்க. இந்த வீட்டையா இவ்வளவு கம்மிக்குக் கேக்கறாங்க?"

"அந்த அலமாரிக்குப் பின்னாடி சுவர் போச்சு," என்றாள் கொரின்.

"நீங்க வாங்கப்போறவங்க மேடம். குறைச்சுத்தான் சொல்வீங்க. சாமானை நகத்தறது என் வேலை இல்ல, கண்ணுக்குத் தெரியறதைத்தான் எழுதுவேன்."

கொரினின் வலது கால், இல்லாத பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்தது. அவள் என்ன சொன்னாலும் இனி எடுபடாது. வில்மா தட்டோடு படியில் ஸ்டானுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவிக்கு முகம் சிவந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

"ஸ்டான், இந்த அலமாரியை இழு."

"வேணாம் வில்மா."

"இழுங்கறேன்."

ஸ்டான் இழுத்தார். வில்மா தட்டில் கிடந்த கேக் கத்தியை எடுத்துச் சுவரில் குத்திக் கீறினாள். வெள்ளை பாளம் பாளமாக உரிந்தது. பின்னால் கறுப்பு, விரல் நுழையும் விரிசல், கசிகிற ஈரம். குப்பென்று வாடை அடித்தது.

"படம் எடு தம்பி. போன வசந்தத்துல இங்க முழங்கால் அளவு தண்ணி. பேத்திக்கு இருமல் நிக்கலைன்னு என் மக அவளை இங்க அனுப்பறதையே விட்டுட்டா. பக்கத்து வீட்ல கேட்டா, புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல வேலை ஜாஸ்தின்னு சொல்லிவச்சிருக்கேன்."

டெரெக் படம் எடுத்தான். இரண்டு, மூன்று, நிறையவே எடுத்தான்.

கொரினுக்கு வேண்டியதெல்லாம் இதுதான். ஆனால் அவளால் வில்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போதுமா தம்பி?" வில்மா கத்தியை ஏப்ரனில் துடைத்தாள். "மேல வா. குளியலறைல கால்மிதியை எடுத்தா தரை உள்வாங்கும். அதையும் காட்டறேன்."