கதையில் மாற்றாமல் விட்ட செருப்பு

என் வீட்டுக்காரர் அற்புதமணி கதையில் ஊர்ப் பெயரை மாற்றினார், பண்ணையார் பெயரை மாற்றினார், ஆற்றைக்கூடக் குளமாக்கினார். செருப்பை மட்டும் மாற்றவில்லை. எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார், பாவம்.

ஏரலில் இறங்கி ஆற்றைக் கடந்தால் எங்கள் ஊர். அங்கே பண்ணையார் சங்கரலிங்கம் வீட்டில் சாவு விழுந்தால், உறவுக்காரர்களுக்குச் சொல்லிவரக் கீழத்தெரு ஆள்தான் போகவேண்டும். இழவு சொல்வது எந்த ஊரிலும் எங்கள் சனத்தின் தலையில் கட்டியதுதான். அந்த வீட்டில் இன்னொன்றும் உண்டு. கீழத்தெருக்காரன் வாய்ச்சொல்லை எப்படி நம்புவது? அதற்காகச் செத்தவரின் செருப்பில் ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஊர் ஊராக நடக்கவேண்டும். என் மாமனார் மாடக்கண்ணு அப்படி நடந்தவர்.

அவர் மகனான இவர் மிஷன் பள்ளியில் படித்து, ஞானஸ்நானம் வாங்கி, தூத்துக்குடிக்கு வந்து புதுத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். தோள் எரிச்சலோடு உட்கார்ந்து எழுதுவார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவார். நன்றாக இல்லையென்றால் இல்லை என்றுதான் சொல்வேன். செருப்புக் கதை நன்றாக இருந்தது. ஒரு பத்திரிகையில் வந்தும்விட்டது.

கூட மூட்டை சுமக்கும் கடற்கரைக்காரர் ரோச் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்தார்.

"ஏலே அற்புதம், கதை நல்லாத்தான் இருக்கு. செருப்பைத் தலையில வைக்கதைத்தான் கொஞ்சம் கூட்டி எழுதிட்ட."

"கூட்டலப்பா. உங்க பக்கம் அப்படி இல்லையா?"

"கடக்கரையில எவம்லே செருப்புப் போட்டான், எடுத்துத் தலையில வைக்கதுக்கு?" என்று சிரித்தார் ரோச். "ஆத்துப்பக்கத்து ஆளுவ கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்தனும் கேள்விப்பட்டதில்லைங்கான்."

இவர் முகம் செத்துப்போயிற்று. அந்த ஒரு வீட்டில்தான் அந்த வழக்கம் என்றால் பெயரை மாற்றி என்ன பிரயோசனம்? அன்றிலிருந்து வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே, ஊரிலிருந்து ஆள் வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்ப்பேன்.

பங்குனியில் கீழத்தெருவிலிருந்து கிருபாநிதி வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பண்ணையாரோட சித்தப்பா போயிட்டாரு. கதையும் பண்ணையாரு காதுக்கு எட்டிருச்சு. அற்புதமணி வந்துதான் செருப்பைத் தூக்கணுமாம். உங்கப்பனை அங்கன களத்துல, வெயில்ல உக்கார வச்சிருக்காங்க."

"போவாதீங்க" என்றேன்.

"அப்பா இருக்காரே, தங்கத்தாயி."

"அப்ப நானும் வாரேன்."

"ஏளா, நீ எதுக்கு?"

"பொம்பளை நின்னா கை ஓங்க ரோசிப்பானுவ. ரோசிக்கலேன்னா என்னையும் சேத்து அடிக்கட்டும்."

நாங்கள் போனபோது கீழத்தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. களத்தைச் சுற்றிக் கம்போடு ஆட்கள் நின்றார்கள். நடுவில் மாமா. அவர் முன்னால் ஒற்றைச் செருப்பு. பண்ணையார் நாற்காலியில் இருந்தார்.

"கதை எழுதுதியாமேலே. மிச்சத்தை நடந்து முடி. எடு."

இவர் செருப்பைத் தொடவில்லை. "அய்யா, அது கதை. அதுல உங்க பேரு இல்ல. அது உங்க வீடுன்னு ஊரைக் கூட்டிச் சொல்லுதது நீங்கதான்."

கம்புகள் அசைந்தன. நான் இவர் முன்னால் போய் நின்றேன். பக்கத்துச் சாவுப் பந்தலிலிருந்த பண்ணையாரின் உறவுக்காரப் பெரியவர் ஒருவர்தான் எழுந்தார். "சங்கரலிங்கம், பொணத்தை வீட்டுல வச்சுக்கிட்டு ரத்தம் ஆகாது."

பண்ணையார் எங்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "பொணம் எடுக்க வரைக்கும்தாம்லே."

மாமா செருப்பை எடுக்கக் கையை நீட்டிவிட்டார். "நான் தூக்குதேன் அய்யா, புள்ளையை விட்டிருங்க." அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். என் பலம் முழுவதும் அதில்தான் இருந்தது. "எந்திரிங்க மாமா" என்றேன். எழுந்தார்.

யாரும் தடுக்கவில்லை. அதுதான் அதிகப் பயம். கிருபாநிதி வீடு வீடாகக் கதவைத் தட்டினார். பிள்ளைகளையும் ஆட்டுக்குட்டிகளையும் தூக்கிக்கொண்டு தெருவே வாய்க்கால் கரையில் இறங்கியது. எல்லாருக்கும் காது பின்னால்தான் இருந்தது. சங்குச் சத்தம் பண்ணையார் வீட்டிலிருந்து வருகிறவரை எங்களுக்கு உயிர். பாதி வழியில் சத்தம் நகர்ந்தது. சுடுகாட்டுப் பக்கம் போனது.

"ஓடுங்க" என்றார் இவர். மாமாவால் ஓட முடியவில்லை. இவர் மூட்டையைத் தூக்குவதுபோல அவரைத் தோளில் போட்டுக்கொண்டார். ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான், ஆனால் அன்றைக்கு அது கடல்.

அக்கரை ஏறியதும் கிருபாநிதி திரும்பிப் பார்த்தார். சுடுகாட்டில் ஒரு புகை. கீழத்தெருவில் இன்னொன்று, அதைவிடக் கறுப்பாக.

"என் வீடா?" என்று கேட்டார் மாமா. அவருக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது.

ஏரல் பஸ் நிற்கிற பக்கமாக நான் அவரைத் திருப்பி நடத்தினேன்.