மூன்று தரம் ‘ஓம்’ என்றேன்

அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க்கை மச்சாள் எப்போதும் நீலக்கரை போட்ட ஒரு லேஞ்சியில், கைக்குட்டையில், சுற்றி வைத்திருப்பார். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். இப்போது அது அதே லேஞ்சியோடு என் மேசையில் கிடக்கிறது. கணினியில் அதைக் கொழுவும்போதெல்லாம் என் ஆட்காட்டி விரல் தயங்குகிறது. இரண்டு மாதமாகியும் அந்தத் தயக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

மச்சாள் என் கணவரின் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும் நாங்கள் ஒருவரையொருவர் ‘மச்சாள்’ என்றே கூப்பிட்டோம். மயிலிட்டியில் அலைச் சத்தத்தில் வளர்ந்து, இடம்பெயர்ந்து, புத்தூரில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே எங்களுடன் வாழ்ந்தவர். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எழுத்து வேலை. அவருடைய ஊர்க் கிணறு உப்புக் கரிக்குமாம். அதனால் எங்கள் வளவுக் கிணறு அவருக்குப் பெரிய புதினமாக இருந்தது. “இந்தத் தண்ணி இனிக்குதே, இன்னும் எவ்வளவு காலத்துக்கு இனிக்கும்?” என்று ஒருநாள் கேட்டார். எனக்கு அதைக் கேட்டவுடன் பயம் வந்தது. அவருக்கு அளந்து பார்க்கும் ஆசை வந்தது. அடுத்த நாள் காலையிலிருந்து, முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கத் தொடங்கினார். மடிக்கணினி அட்டவணையில் நாள், நீர்மட்டம், குறிப்பு என்று மூன்று நிரல்கள். மாதத்துக்கு ஒரு கோப்பு. பன்னிரண்டு வருடம் ஒரு காலையும் தவறவிடவில்லை. காய்ச்சலில் கிடந்த நாள்களில் என்னை அனுப்பி அளப்பித்தார்.

முதலில் அவர் பாவித்தது விண்டோஸ். மடிக்கணினி கிழடாகி, புதிய பதிப்பைத் தாங்காமல் திணறியபோது, அதைத் தூக்கிப் போடாமல் லினக்ஸைப் போட்டுக்கொண்டார். ஊரில் ஒருவரும் பாவிக்காத ஒன்று என்பதே எனக்குக் கலக்கமாக இருந்தது.

“உதுக்குள்ளை எழுதினது பிறகு வேறை கொம்பியூட்டரிலை திறபடுமோ, மச்சாள்?”

“பாரன், நல்ல கேள்வி! எல்லாத்திட்டையும் உதைத்தான் முதல் கேக்கவேணும். உள்ளுக்கு விட எல்லாரும் கதவைத் திறந்துதான் வைச்சிருப்பினம். வெளியிலை எடுத்துக்கொண்டு போக விடுவினமோ எண்டு பாக்கவேணும்.”

ஒரு கைப்பையோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டவர் அப்படிச் சொன்னபோது, அவர் கணினியைப் பற்றி மட்டும் கதைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போன வருடம் மச்சாள் காலமானார். சில மாதங்களில் அவருடைய மடிக்கணினியும் எழும்ப மறுத்துவிட்டது. மிஞ்சியது இந்த ஹார்ட் டிஸ்க் மட்டும். இந்த வருடம் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்க இடம் கிடைத்தது. அவளுக்கு மாமியான மச்சாளின் கிணற்று அளவுகளை வைத்து நிலத்தடி நீரைப் பற்றி ஆராய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு எந்தக் கணினி என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது. கனடாவில் இருக்கும் என் தம்பி, “அக்கா, யோசியாதையுங்கோ, நான் அப்பிள் ஒண்டு அனுப்புறன், பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்லை” என்றான். என்னோடு வேலை செய்பவர்கள், பல்கலைக்கழக மென்பொருள்கள் விண்டோஸிலேயே ஓடும் என்றார்கள். மகளோ மாமியைப் போல லினக்ஸ்தான் என்று நின்றாள். நான் மூன்று பக்கமும் தலையாட்டிவிட்டு, இரவில் நித்திரையில்லாமல் கிடந்தேன். பிழையான ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம்.

யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஒருவர், இரண்டு நாள் பாவித்துப் பார்க்கும்படி ஒரு விண்டோஸ் மடிக்கணினியைத் தந்துவிட்டார். மகள் குளித்துக்கொண்டிருந்த நேரம், மச்சாளின் கேள்வியை நானே கேட்டுப் பார்ப்போமே என்று ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவினேன். லினக்ஸில் எழுதியதை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியவில்லை; திரையில் ஒரு பெட்டி எழும்பிக் கேட்டது. இதைப் பாவிப்பதற்கு முன் ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? ஏதோ வழமையான பதிவு என்று நினைத்து, செய் என்று சம்மதித்து ஓம் என்றேன். திரும்பவும் கேட்டது. ஓம். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று மூன்றாம் தரம் தெளிவாகவே கேட்டிருக்கிறது. அதற்கும் ஓம். சோதனைச் சாவடிகளில் வளர்ந்த விரல் இது. கேட்பவருக்குக் கெதியாக ஓம் சொன்னால் கெதியாக விடுவார்கள். கேள்வியை முழுவதும் வாசிக்கும் பழக்கம் அதற்கு இல்லை.

“அம்மா, என்ன செய்தனீங்கள்?”

“அது கேட்டது பிள்ளை… நான் ஓம் எண்டு அமத்திப்போட்டன்.”

மகள் ஏசவில்லை. ஈரத் தலையோடு கதிரையில் இருந்து, வெறுமையாகிப் போன திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசியிருக்கலாம்.

அழிந்ததை மீட்டெடுக்கக் கடைக்காரர் ஐந்து நாள் எடுத்தார். “உங்கடை நல்ல காலம் அக்கா, அதுக்குப் பிறகு நீங்கள் இதிலை ஒண்டும் எழுதேல்லை. சாமான் எல்லாம் கிடக்கு. பேர்தான் போயிட்டுது” என்றார். நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புகள், எல்லாவற்றுக்கும் பெயருக்குப் பதிலாக இலக்கம். எந்த மாதம் என்பதை மச்சாள் கோப்பின் பெயரில்தான் வைத்திருந்தார்; உள்ளே ஒன்று முதல் முப்பத்தொன்று வரை நாள்கள் மட்டும். மாதம் தெரியாத நீர்மட்டத்தை வைத்து மகள் என்ன ஆராய்ச்சி செய்வாள்?

அப்போதுதான் மூன்றாவது நிரலை வாசிக்கத் தொடங்கினோம். ‘பக்கத்துத் தோட்டத்தில் இரவு முழுக்க மோட்டர்.’ ‘கிழக்கு மூலைத் தென்னையில் இடி.’ ‘பிள்ளை சைக்கிளால் விழுந்து நாடியில் தையல். மச்சாள் கத்தின கத்தில் கிணறு அரை அடி ஏறியிருக்கும்.’ மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான், “அது நீ ஆறாம் வகுப்பு படிச்ச வருசம், புரட்டாதி” என்றேன், அவளிடமே அவளைப் பற்றி. இடி விழுந்த மாதமும் எனக்குத் தெரிந்தது. அன்று அவளுக்கு அம்மாள் வருத்தம், மேலெல்லாம் கொப்புளம். ஒவ்வொரு காய்ச்சலையும் பயத்தோடு பயமாக மண்டைக்குள் எழுதி வைத்திருந்திருக்கிறேன். பயத்தால் ஒரு பிரயோசனம் வந்ததை அன்றுதான் கண்டேன். பதினொரு கோப்புகள் தவிர மற்றெல்லாவற்றுக்கும் மாதம் வைத்துவிட்டோம்.

எந்தக் கணினி என்பதும் ஒருவாறு முடிவாயிற்று. அதே விண்டோஸ் மடிக்கணினி, ஒரு பக்கத்தில் லினக்ஸும். தம்பிக்குச் சின்ன மனத்தாங்கல். அட்டவணைகள் எதிலும் திறபடும் விதத்தில், இந்த ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதியோடு இருக்கின்றன. வெளியே எடுக்க வழி இருக்கிறது. மகள் விடுதிக்குப் போகும்வரை காலையில் கயிறு இறக்குவது அவள், பதிவது நான்.

கடைசியாக மாதம் வைத்த கோப்பில், ஓர் அளவுக்கு நேரே இப்படி இருந்தது: ‘இன்று மச்சாள் நல்ல கேள்வி ஒன்று கேட்டா.’ அது எந்த நாள் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டபோது நான் பயந்துகொண்டிருந்தேன் என்பதுதான் அவருக்குத் தெரியாது. தெரிந்தும் அப்படி எழுதினாரோ என்னவோ.

இன்று காலை அளவைப் பதிந்து முடித்து, லேஞ்சியைக் கையில் எடுத்தபோது திரையில் ஒரு பெட்டி எழும்பிக் கேட்டது: இதில் ஏதோ சிக்கல் போலிருக்கிறது, சரிபார்க்கட்டுமா? முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை வாசித்தேன். விளங்கவில்லை. ‘இல்லை’ என்பதை அமத்திவிட்டு, கிணற்றடியில் நின்ற மகளிடம் ஏன் என்று கேட்கப் போனேன்.