இயர்போன் வைத்த டேப்ரிக்கார்டர்

துபாயிலிருந்து வாப்பா அனுப்பிய கேசட் ஒரு மாதமாக எங்கள் அலமாரியில் கிடந்தது. கூட வந்த கடிதத்தில், 'இந்த வருஷம் ஊருக்கு வருவதைப் பற்றிக் கேசட்டில் சொல்லியிருக்கிறேன்' என்று மட்டும் இருந்தது. கேட்பதற்கு வீட்டில் டேப்ரிக்கார்டர் இல்லை.

முந்தைய கேசட்டைப் பக்கத்து வீட்டில்தான் கேட்டோம். அதில் வாப்பா, "அங்கன சாரல் விழுந்திருக்கும். இங்க வெயில்ல நிக்கும்போது உன் நெனப்புதான்" என்று உம்மாவிடம் சொல்லியிருந்தார். கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அதன்பிறகு தென்காசியில் நாலு தூறல் விழுந்தால் போதும், "ஏட்டி, சாரல் வந்துட்டு. உனக்கு விக்கல் எடுக்கலையா?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வரும். புதுக் கேசட்டோடு அந்த வீட்டுப் படியேற உம்மா மறுத்துவிட்டாள்.

உம்மாவின் தம்பி, என் மாமா, ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். டேப்ரிக்கார்டர் செய்ய இரண்டு வழி உண்டு என்றார். ஒன்று, மதுரையில் விற்கும் கிட். போர்டு, மோட்டார், பெட்டி எல்லாம் தயாராக இருக்கும். ஒயர்களைச் சேர்த்தால் பாடும். மற்றது, ஒவ்வொரு சாமானாக வாங்கி அவரே செய்வது.

"கிட்டுன்னா ரெண்டு நாள். நான் செஞ்சா ரெண்டு மாசம்."

"கிட்டே வாங்குங்க மாமா" என்றேன்.

"சும்மா இருலே. கிட்டுங்கது கடைச்சோறு. அடுத்தவன் ஆக்குனத எலையில வைக்கது."

"பசி இப்பல்லா எடுக்கு" என்றாள் உம்மா. பிறகு கொஞ்சம் யோசித்து, "எதுல காதுல மாட்டிக் கேக்கலாம்?" என்றாள்.

மாமா முகம் மலர்ந்தது. "கிட்டுல அதுக்கு வழியில்லக்கா. நான் செஞ்சா வச்சித் தாரேன்."

கிட்டிலும் ஒரு துளை போட்டு இயர்போன் மாட்ட வழி வைத்திருக்கலாம் என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் தெரிந்தது.

"அப்ப நீயே செய்யி" என்றாள் உம்மா.

கோடு கோடாக வண்ணம் பூசிய சின்னச் சாமான்களை மாமா ஈயம் உருக்கி ஒட்டுவார். நான் எடுத்துக் கொடுப்பேன்.

"இதுல எது வழியா மாமா வாப்பா பேச்சு வரும்?"

"எல்லாத்து வழியாவும்லே. ஒண்ணு செத்தாலும் வராது."

இரண்டு மாதம் மூன்றானது. கடைசியில் ஒருநாள் உம்மா அறைக்குள் உட்கார்ந்து, இயர்போனைக் காதில் மாட்டி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். எதிரே நான் அவள் முகத்தையே பார்த்திருந்தேன். சிரித்தாள். உதட்டைக் கடித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அரை மணி நேரம் போனது.

"என்ன சொல்லுதாரு உம்மா?"

"இந்த வருசம் லீவு இல்லையாம். உன்னைய நல்லாப் படிக்கச் சொன்னாரு."

அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. அவள் முகத்திலோ சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

நான் மாமாவிடம் ஓடினேன். "மெஷின் ரொம்ப மெதுவா ஓடுது மாமா. ரெண்டு வார்த்தை சொல்ல அரை மணி நேரம் ஆவுது."

மாமா வந்து எட்டிப் பார்த்தார். உம்மா கேசட்டைத் திரும்பவும் முதலிலிருந்து கேட்கச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

"நல்லாத்தாம்லே ஓடுது."

வெகுநாள் வரை மாமாவின் வேலையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.