எனக்குக் கேட்காத தவளை

அந்தத் தகரத் தவளை சத்தம் போடுகிறதா இல்லையா என்பது எனக்கு நாயின் காதைப் பார்த்துத்தான் தெரிந்தது. தேர்த் திருவிழாக் கடைகளில் குழந்தைகளுக்கு விற்கிற பொம்மை அது. முதுகில் பச்சைப் பெயிண்ட், வயிற்றில் ஒரு தகடு. கட்டைவிரலால் அமுக்கினால் தகடு உள்ளே மடங்கும், விட்டால் நிமிரும். அந்த அசைவு விரலுக்குத் தெரியும். அப்போது ‘டிக் டிக்’ என்று கேட்குமாம். வாசல்படியில் படுத்திருந்த நாய் கண்ணைத் திறக்காமலேயே ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. சரி, பொம்மை வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலப் பத்திரிகைகளை எடைக்குப் போட்டு வாங்கி வருவேன். அப்படி வந்த ஒன்றில் நாய்களுக்கு வித்தை பழக்குவதைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. நாய் சரியான காரியத்தைச் செய்கிற அதே நொடியில் ஒரு சின்னச் சத்தம், உடனே வாய்க்கு ஏதாவது தீனி. அடி கிடையாது, அதட்டல் கிடையாது, வாயைத் திறந்து பேசக்கூட வேண்டாம். கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று எனக்கே தெரியாது. ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி பேசியிருக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டியே விசைத்தறிக் குடோன். தறி ஓடும்போது அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். கல்யாணப் பேச்சிலிருந்து சண்டை வரை எல்லாம் அப்படியே நடக்கும். அதனால் என் காது மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். கல்யாணமாகிக் கோயமுத்தூரில் ஒரு அமைதியான தெருவுக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. முதல் மாதம் முழுக்க அதைத் திமிர் என்று நினைத்திருந்ததாக வீட்டுக்காரர் பிறகு சொன்னார். டாக்டர் கொடுத்த காது மிஷினை மாட்டினால் தலைக்குள் மறுபடியும் தறி ஓடியது. கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன்.

நான் உண்டாகியிருப்பது தெரிந்ததும் உடுமலையிலிருந்து மாமியார் வந்தார். எதிரில் உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“அம்மணி, அவன் கெணத்துக்கு மோட்டார் மாட்டறேன்னு அந்தியூரு, ஆனமலைன்னு போயிருவான். பகல்ல நீ மட்டும்தான் ஊட்டுல. புள்ள அழுதா உனக்கு எப்படித் தெரியும்? புள்ளயோட எங்கூடவே வந்துரு. நடக்கற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்.”

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் அங்கே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குழந்தை அழுதால் நான் எழுந்திருப்பதற்குள் நாலு பேர் ஓடுவார்கள். பால் கொடுக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். என் பிள்ளையை என் வீட்டில் நானே வளர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை வாய்விட்டுச் சொல்ல அன்றைக்குத் தைரியம் வரவில்லை. “குழந்தை வரட்டுங்க அத்தை, பாக்கலாம்” என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம்தான் தவளை வாங்கினேன்.

நாய் நாங்கள் வளர்க்க வாங்கியதல்ல. ஒரு மழை நாளில் கேட்டுக்குள் ஒதுங்கி, திரும்பிப் போக மறந்துவிட்ட நாட்டு நாய். அதற்குக் கற்றுக்கொடுக்க நினைத்தது ஒரே ஒரு காரியம்தான். குழந்தை அழுதால் என்னிடம் வந்து மூக்கால் முழங்காலை முட்ட வேண்டும். முதலில் முட்டுவது மட்டும். தவளையை அமுக்குவது, பேக்கரி வர்க்கி பிஸ்கட்டில் ஒரு துண்டு கொடுப்பது என்று ஆரம்பித்தேன். இரண்டே நாளில் தவளைக்குப் பின்னால் வர்க்கி வரும் என்று அது கண்டுபிடித்துவிட்டது. எதைச் செய்தால் தவளை கத்தும் என்பதுதான் அதற்குப் புரியவில்லை. என் முன்னால் வந்து உட்காரும். கொட்டாவி விடும். வீட்டுக்காரரின் செருப்பைத் தூக்கி வரும். ஒன்றும் நடக்காது. ஒரு தடவை தற்செயலாக மூக்கு என் முழங்காலில் பட, அந்த நொடியில் தவளையை அமுக்கினேன். நாய் அப்படியே நின்று என் முழங்காலை உற்றுப் பார்த்தது. ஒரு நாய் யோசிப்பதை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு மெதுவாக வந்து, வேண்டுமென்றே, இன்னொரு தரம் முட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாதி பாக்கெட் வர்க்கி அன்றைக்கே தீர்ந்தது.

அடுத்தது அழுகை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோடு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற ஒரு பெண் இருந்தாள். மசூதித் தெருவில் அவள் வீட்டுக்காரருக்கு அத்தர்க் கடை. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

“எல்லாரும் புள்ள சிரிக்கறதப் புடிப்பாங்க. நீங்க அழுகறதையாக்கா புடிக்கப் போறீங்க?” என்றாள்.

அவள் பையன் டேப் ரெக்கார்டரைப் பார்த்ததும் அழுவதை நிறுத்திவிட்டுப் பட்டனைப் பிடிக்க வந்தான். மூன்று நான்கு தடவை முயன்று, கடைசியில் பசி வேளையில்தான் காரியம் நடந்தது. முன்னறையில் கேசட்டைப் போட்டு பிளே பட்டனை அமுக்கிவிட்டு நான் சமையலறையில் போய் நிற்பேன். நாய் வந்து முட்டினால் தவளை, வர்க்கி. டேப் ஓடாதபோது முட்டினால் ஒன்றும் கிடையாது. ஒரு வாரத்துக்குள் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. பட்டனை அமுக்கி நான் சமையலறைக்கு வருவதற்குள் பின்னாலேயே ஓடிவந்து முட்டும். ஊர் உலகத்தில் யாரும் செய்யாததைச் செய்துவிட்டதாக எனக்குள் ஒரே பெருமை.

வித்தையைப் பார்க்கத் தங்கச்சியைக் கூப்பிட்டேன். பட்டனை அமுக்கினேன். நாய் ஓடிவந்து முட்டியது. அவள் முகத்தைப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. டேப் பக்கம் குனிந்து காதை வைத்துப் பார்த்தாள்.

“ஏனுங்கக்கா, இதுல சத்தமே வரலீங்களே.”

வால்யூம் அடி வரைக்கும் திருகி வைத்திருந்தது. யாரோ வந்திருந்தபோது வீட்டுக்காரர் குறைத்திருக்கிறார். எத்தனை நாளாக அப்படி இருந்ததோ, எனக்கு எப்படித் தெரியும்? நாய் வந்தது அழுகைக்கு அல்ல, பிளே பட்டன் விழுகிற ‘டக்’குக்கு. கேசட்டை எடுத்துவிட்டு வெறும் பட்டனை அமுக்கிப் பார்த்தேன். அப்போதும் நல்ல பிள்ளையாக வந்து முட்டியது. தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு டேப்பைத் தூக்கி எறியலாம் போல் கோபம் வந்தது. மாமியார் சொன்னது சரிதானோ என்று முதல் தடவையாக நினைத்தேன்.

ஆனால் ராத்திரி சாப்பிடும்போது கோபம் போய், வேறு ஒன்று மண்டையைக் குடைய ஆரம்பித்தது. அத்தனை பெரிய அழுகையை விட்டுவிட்டு அந்தச் சின்ன ‘டக்’கை ஏன் பிடித்தது? நாய்க்கு என்ன தெரியும், அழுகைதான் முக்கியம் என்று? முதலில் வந்த சத்தம் எதுவோ அதை அது நம்பியிருக்கிறது. தப்பு என்னுடையதுதான்.

மறுநாள் தங்கச்சியும் நானும் கேசட்டில் முதலில் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லாமல் விட்டு, பிறகு அழுகையும், மறுபடி வெறுமையும், திரும்ப அழுகையுமாகப் பதிந்தோம். அழுகை எப்போது வருகிறது என்று எனக்குக் கேட்காது. அதனால் அவள் முன்னறையில் உட்கார்ந்து, அழுகை வரும்போது கையைத் தூக்குவாள். நாய் லேசுப்பட்டதல்ல. இரண்டு நாளில் அழுகையை விட்டுவிட்டு அவள் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. காதைக் குடைந்தால் ஓடிவந்து முட்டியது. தலையைச் சொறிந்தாலும் முட்டியது. கடைசியில் அவளை நாயின் கண்ணில் படாமல் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி, சமையலறையிலிருந்து நான் மட்டும் பார்க்கும்படி ஏற்பாடு செய்தோம். வேறு வழியில்லாமல் நாய் அழுகையைக் கேட்கக் கற்றுக்கொண்டது.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனேன். மகள் பிறந்தாள். மூன்றாம் மாதம் கோயமுத்தூர் திரும்பியபோது மாமியாரும் கூடவே வந்தார். கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பேச்சு. நாய் விஷயத்தை அவரிடம் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

முதல் நாள் மகள் அழுதாள். நாய் வரவில்லை. நான் பாட்டுக்குச் சமையலறையில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால் மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்கிறார். முகத்தில் குறை எதுவும் காட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. மறுநாளும் இதே கதை. மறந்துவிட்டதா என்று கேசட்டைப் போட்டால் உடனே வந்து முட்டுகிறது. குழந்தை அழுதால் மட்டும் தொட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறதாம். பக்கத்து வீட்டுப் பையனின் அழுகை அழுகை, என் மகளுடையது அழுகை இல்லை போலிருக்கிறது. பழையபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். மாமியாரையே ஜன்னலுக்கு வெளியே நிற்கச் சொன்னேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்கிற முகத்தோடு போய் நின்றார். ஆனால் கையைச் சரியான நேரத்தில் தூக்கினார்.

சில நாளில் நாய் வர ஆரம்பித்தது. கூடவே நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. நாய் முட்டியதும் தவளையை அமுக்கி, வர்க்கியைக் கொடுத்துவிட்டுத் தொட்டிலுக்கு ஓடுவேன். போய்ப் பார்த்தால் மகள் அழாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாய் பொய் சொல்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். வர்க்கிக்கு ஆசைப்பட்டு ஏமாற்றுகிறதா? மாமியாரிடமே கேட்டேன்.

“பொய்யில்ல அம்மணி. நல்லாத்தான் அழுதுட்டு இருந்தா. நீ அந்தத் தவளைய அமுக்குனதும் நிறுத்திப்போட்டா. அது கேட்டா அம்மா வாரான்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

நம்பாமல் சோதித்துப் பார்த்தேன். தொட்டில் தெரிகிற மாதிரி நிலைப்படியில் நின்றுகொண்டேன். மகளின் முகம் சுருங்கி, வாய் சதுரமாகத் திறந்தது. நாய் வந்து முட்டியது. தவளையை அமுக்கினேன், ஆனால் நகரவில்லை. அவள் வாய் மூடியது. தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. நாய்க்காக வாங்கிய பொம்மை, நான் ஒரு நாளும் கேட்டிராத சத்தம். அதைக் கேட்டு என் பெண் என்னைத் தேடினாள்.

அன்று சாயங்காலம் மாமியார் பையில் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் உடுமலை போவதாகச் சொன்னார். நாங்களும் வர வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

“நான் மட்டுந்தான் அம்மணி. தேங்கா போடற ஆளுக வருவாங்க, போகாட்டி ஆகாது” என்றார்.

சமையலறைக்கு வந்து, சாம்பாருக்குப் பருப்பைக் கழுவினேன். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு கழுவினேன். நாய் ஓடிவந்து முழங்காலை முட்டியது. தவளையை அமுக்கிவிட்டு, ஈரக்கையோடு தொட்டிலுக்கு ஓடினேன். மகள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது நிஜமாகவே ஏமாற்றுகிறது என்று திரும்பி நாயைப் பார்த்தேன். அது என் முழங்காலை விடவில்லை. மறுபடி மறுபடி முட்டியது.

மாமியார் வந்து என் தோளைத் தொட்டார். வாயைப் பெரிதாகத் திறக்காமல், சாதாரணமாகத்தான் சொன்னார். “புள்ள இல்ல, கண்ணு. நீதான் சத்தம் போட்டு அழுதுட்டு இருக்கற.”