விமானத்துக்குப் பூசிய தரை பாலிஷ்

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். சீமைக்குத் திரும்பிப்போன துரை பெட்டியில் துண்டு துண்டாக விட்டுச்சென்ற பிளாஸ்டிக் பொம்மை விமானத்தை, ஆபீஸ் களைப்போடு மூன்று மாதம் ஒட்டி வர்ணமும் பூசினேன். மகளின் பள்ளிக் கண்காட்சிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். பளபளப்பு மட்டும் வரவில்லை.

“துரை அவரோட பிளேனுக்கெல்லாம் தரைக்குப் போடுற பாலிஷைத்தாங்க பூசுவாரு” என்றார் பங்களா சமையல்காரர் முத்தையா.

எங்கள் வீட்டுத் தரைக்குப் போடுவது டின்னில் வரும் சிவப்பு மெழுகு. இறுகிப்போனால் மண்ணெண்ணெய் விட்டு இளக்குவது வழக்கம். அப்படியே இளக்கித் துணியால் தேய்த்தேன். இறக்கையின் வர்ணம் துணியோடு வந்துவிட்டது. மிச்சமெல்லாம் சிவந்து பிசுபிசுத்தது.

மறுநாள் முத்தையாவிடம் காட்டினேன். “ஐயய்யோ, அது போத்தல்ல வர்ற பாலிஷுங்க ஐயா, தண்ணி மாதிரி இருக்கும். என்னைய ஒரு வார்த்தை கேக்கலியே!”

கேட்கத்தான் இல்லை.

மகள் கொழுந்துக் கூடை ஒன்றை வரைந்து கண்காட்சிக்குக் கொண்டுபோனாள். மனைவி மீந்த மெழுகைத் தரையில் தேய்த்து, “இதாவது மின்னட்டும்” என்றாள்.

இப்போது எதைப் பூசுவதானாலும் முதலில் பழைய பிளாஸ்டிக் சோப்புப் பெட்டியில் பூசி, ஒரு நாள் காயவிட்டுப் பார்க்கிறேன். என் வீட்டில் இன்றுவரை குறையில்லாமல் மின்னுவது தரையும் அந்தச் சோப்புப் பெட்டியும்தான்.