நிறுத்தினால் எழாத பம்புகள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்டேட்டம்மா என்றால்தான் தெரியும். கட்டிலுக்குக் கட்டில் நிற்கும் மருந்து பம்புகளுக்குப் புது மென்பொருளைக் கீழ்த்தளத்து அறையிலிருந்தே நெட்வொர்க் வழியாக அனுப்புவது அவள் வேலை. பில் போடும் கவுண்டரில் சேர்ந்து கணினி அறைக்கு வந்தவள். சுபாவத்திலேயே பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "பூட்டுக்கே கை வலிக்கும்டி, விடு" என்பார் கணவர்.

அந்தப் பயத்துக்காகவே அவளிடம் இந்த வேலையைக் கொடுத்தார்கள். எதையும் முதலில் தன் மேஜைமேல் இருக்கும் பம்புக்கு மட்டும் அனுப்பி, ஒரு நாள் வைத்துப் பார்ப்பாள். பிறகுதான் மற்றவற்றுக்கு. இந்த முறையும் மேஜைப் பம்பு சமர்த்தாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒருநாளும் மருந்து ஓடியதில்லை. அது அவளுக்கு உறைக்கவே இல்லை. காலையில் எல்லாப் பம்புகளுக்கும் அனுப்பிவிட்டாள்.

சற்று நேரத்தில் பெண்கள் வார்டிலிருந்து போன் வந்தது. "அப்டேட்டம்மா, பாட்டில் மாத்தலாம்னு பம்பை நிறுத்தினேன். திரை கறுத்துப்போச்சு, எழவே மாட்டேங்குது. நல்லவேளை, வெறும் உப்புத்தண்ணிதான்."

அடுத்த வார்டிலிருந்தும் அதே கதை. அவளுக்கு விஷயம் பிடிபட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பு, வந்ததை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். நிறுத்திய நொடியில்தான் உள்ளே ஏற்றும். ஏற்றியதும் செத்துப்போகிறது. ஓடாத மேஜைப் பம்பில் இது நடக்கவே இல்லை.

இனி ஆன் செய்யும் பம்புகளுக்கும் போகாதபடி, அனுப்புவதை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். போய்ச் சேர்ந்ததைத் திரும்ப வாங்க வழியில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில், இதய அறுவை முடிந்து அவளுடைய அக்கா கிடந்தாள். அக்காவின் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருந்ததே அப்படியொரு பம்புதான். அந்த மருந்து கொஞ்ச நேரம் நின்றாலும் ஆள் சரிந்துவிடும். அங்கே போன் அடித்தாள். பிஸி.

"சார், வார்டு வார்டா கூப்பிட்டு யாரும் பம்பை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லுங்க!" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கத்திவிட்டு ஓடினாள். லிஃப்ட் வரவில்லை. படியேறினாள்.

அக்காவின் கட்டிலருகே நர்ஸ். ஒரு கையில் புது சிரிஞ்சு. மறு கை பம்பின் பொத்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சிஸ்டர், தொடாதீங்க!"

"கத்தாதீங்க, இது என்ன சந்தையா?" ஆனாலும் கை நின்றது.

"நிறுத்தினா மறுபடி எழாது. நான்தான் அனுப்பித் தொலைச்சேன்."

நர்ஸ் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. "இதுல மருந்து முடியப்போகுது. அலமாரியில ஒரு பம்பு கிடக்கு. மாசக்கணக்கா ஆன் பண்ணல. அதையும் கெடுத்துட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர். அனுப்புறதை நிறுத்திட்டேன்."

"நிச்சயமா?"

பொத்தானை அழுத்தியது நினைவிருந்தது. பதிந்ததா என்று பார்த்தது நினைவில்லை. "எதுக்கும் அதுல நெட்வொர்க்கை அணைச்சுட்டு ஓட்டுங்க."

நர்ஸ் புது சிரிஞ்சை அலமாரிப் பம்பில் மாட்டி, பழையதை நிறுத்தாமலே இதையும் ஓட விட்டாள். மருந்து இறங்குகிறது என்று உறுதியான பிறகே பழையதை நிறுத்தினாள். அதன் திரை கறுத்தது. மானிட்டரில் அழுத்தம் இறங்கியது, இன்னும் கொஞ்சம் இறங்கியது, நின்றது. பிறகு மெல்ல ஏறியது. அதுவரை அப்டேட்டம்மா கட்டில் கம்பியை விடவில்லை.

அக்கா கண்ணைத் திறந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? எதையாவது கெடுத்துட்டியா?"

"ஆமாக்கா."

"அப்போ என் மூஞ்சியில என்ன தெரியுது? போய்ச் சரி பண்ணு."

"பக்கத்துக் கட்டில்லயும் மருந்து முடியப்போகுது," என்றாள் நர்ஸ். "இன்னொரு பம்பு வேணும், சீக்கிரம்."

அலமாரியில் வேறு பம்பு இல்லை. மிச்சப் பம்புகள் இருக்கும் கிடங்கின் சாவி யாரிடம் என்று கேட்டுக்கொண்டே அப்டேட்டம்மா மறுபடி ஓடினாள்.